மாமாவின் யாஷிகாவைத் திறப்பதற்கு முன்: பழைய ஃபிலிம் கேமரா வாங்குவதும் சீர்செய்வதும்

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மறைந்த உங்கள் மாமாவின் யாஷிகா எலக்ட்ரோ 35 கேமரா இருபது ஆண்டுகளாகப் பீரோவில் தோலுறையோடு கிடக்கிறது. அதைச் சரிசெய்து ஃபிலிமில் படமெடுக்கத் தொடங்கலாமா, அல்லது வேறொரு பழைய கேமராவை வாங்கிக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்பது முதற்கேள்வி. வாங்குவதென்றால் எதை வாங்குவது, கையிலெடுத்து எப்படிச் சோதிப்பது என்பது இரண்டாவது. கேமராவைத் தானே திறந்து எந்த அளவுக்கு வேலை பார்க்கலாம் என்பது மூன்றாவது. நான் இதைத் தொழிலாகச் செய்பவன் அல்லன். பதினைந்து ஆண்டுகளாகப் பழைய கேமராக்களை வாங்கி, துடைத்து, கைக்கு எட்டிய வரையில் சீர்செய்து, அவற்றில் படமெடுத்து வருபவன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதற்கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமாவின் கேமராவை இப்போது திறக்க வேண்டாம். முழுக்க இயந்திர விசையில் ஓடும், ஏற்கெனவே நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாக வரும் காட்சியையே உள்ளே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி மூலம் காட்டும்) கேமரா ஒன்றை வாங்குங்கள். அதில் ஐந்தாறு ரோல் எடுத்து, சிறு சிறு வேலைகளைச் செய்து கை பழகிய பிறகு எலக்ட்ரோவுக்கு வாருங்கள். எலக்ட்ரோ 35 பெயருக்கேற்ப மின்னணு ஷட்டர் (ஃபிலிமில் வெளிச்சம் விழத் திறந்து மூடும் பகுதி) கொண்டது. அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் புகும் துளையின் அளவை, மட்டும் நாம் வைக்க வேண்டும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் மின்சுற்றே முடிவு செய்யும். பேட்டரி இல்லாவிட்டால் 1/500 நொடி என்ற ஒரே வேகத்தில் அடிக்கும். படம் கெட்டுவந்தால் பேட்டரி காரணமா, பச்சை பூத்த இணைப்புக் கம்பி காரணமா, மின்சுற்று காரணமா, உள்ளே உதிர்ந்துபோன ரப்பர் துண்டு காரணமா என்று புதிதாக வருபவரால் பிரித்தறிய முடியாது. இயந்திரக் கேமராவிலோ பழுதில் பெரும்பகுதி கண்ணுக்கும் காதுக்கும் பிடிபட்டுவிடும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரு கேமராவையாவது கெடுக்காதவர்களை நான் பார்த்ததில்லை, அந்தக் கேமரா உங்கள் மாமாவினுடையதாக இருக்க வேண்டாம்.

வாங்குவதற்கு நான் முதலில் சொல்லும் பெயர் பென்டாக்ஸ் கே1000. 1976-இல் வெளிவந்து 1997 வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல் பெரிய மாற்றமின்றித் தயாரிக்கப்பட்ட கேமரா அது. 1 நொடியிலிருந்து 1/1000 நொடி வரையிலான எல்லா வேகங்களும் பேட்டரி இல்லாமலே இயங்கும்; உள்ளே போடும் சிறு பொத்தான் பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள்ளை அசைப்பதற்கு மட்டுந்தான். தானாகப் படமெடுக்கும் டைமர் கூட அதில் கிடையாது. இவ்வளவு குறைவான உறுப்புகளோடு இருப்பதே கற்றுக்கொள்பவருக்கு அதன் சிறப்பு. மீட்டருக்குத் தனி சுவிட்ச் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டாக்கினால்தான் மீட்டர் ஓயும், மூடியின்றி மேசைமேல் வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

அதற்கு முந்தைய தலைமுறையான பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் (1964) கிடைத்தாலும் தயங்காதீர்கள். திருகி மாட்டும் எம்42 லென்ஸ்கள் அதற்கு உண்டு. அந்தக் காலத்து மீட்டர்கள் பலவும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பி அளவிடப்பட்டவை. அந்த பேட்டரிகள் சுற்றுச்சூழல் காரணங்களால் சந்தையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன, 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் தவறாகக் காட்டும். முதல் ஸ்பாட்மேட்டிக்கின் மீட்டரோ வோல்ட் வேறுபாட்டைப் பொருட்படுத்தாத வகையில் அமைந்த மின்சுற்றைக் கொண்டது, ஆகவே இன்றைய பேட்டரியிலும் சரியாகவே அளக்கும். நிகான் எஃப்எம் (1977), எஃப்எம்2 (1982) இரண்டும் உறுதியிலும் துல்லியத்திலும் இவற்றுக்கு மேலானவை. விலையும் அதற்கேற்ப மேலே இருக்கும். கேனான் ஏஇ-1 அழகான கேமரா. ஆனால் பேட்டரி இல்லாமல் இயங்காது. அதோடு, உள்ளே எண்ணெய் காய்ந்து ஷட்டரை அழுத்தும்போது இருமல் போன்ற கீச்சொலி வருவது அந்த மாடலில் சாதாரணம் என்பதால், முதற்கேமராவாக அதை நான் பரிந்துரைப்பதில்லை.

சோவியத் கேமராக்களைப் பற்றிக் கட்டாயம் யாராவது உங்களிடம் சொல்வார்கள், ஏனென்றால் நம் நாட்டில் அவை ஏராளமாக விற்பனையாயின. ஜெனிட்-ஈ எடை மிகுந்த, முரட்டுத்தனமான, மலிவான கேமரா. 1/30 முதல் 1/500 வரை ஐந்தே வேகங்கள். வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் சாளரத்தில்) தெரிவதைவிட ஃபிலிமில் விழும் படம் கணிசமாகப் பெரியது. ஆனால் அதோடு வரும் ஹீலியோஸ் 44 வகை 58 மி.மீ. லென்ஸுக்காகவே அதை வாங்குபவர்கள் உண்டு, அது நியாயமான காரணமும்கூட. ஃபெட், சோர்க்கி என்ற பெயர்களில் வந்தவை லைக்காவைப் பார்த்துச் செய்யப்பட்டவை. இவற்றில் ஃபிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தைத் திருப்ப வேண்டும்; ஏற்றாமல் திருப்பினால் உட்பகுதி உடைய வாய்ப்புண்டு. கடையில் ஒரு ஃபெட்டை எடுத்ததும் வேகத் திருகைத் திருப்பிப் பார்க்கும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், அதை வாங்குவதில் இருக்கும் ஆபத்து விளங்கும். பொன் முலாமும் போர்க்கால முத்திரைகளும் பொறித்த "லைக்கா" யாராவது மலிவாகக் கொடுத்தால், லென்ஸைக் கழற்றி உள்ளே மேற்பக்கம் பாருங்கள்: உண்மையான லைக்காவில் லென்ஸின் பின்புறத்தைத் தொடும் முனையில் சிறு உருளை இருக்கும், ஃபெட்டிலும் சோர்க்கியிலும் அந்த இடத்தில் ஆப்பு போன்ற உலோகத் துண்டுதான் இருக்கும்.

எங்கே தேடுவது என்றால், கடைக்கு முன் உறவினர் வீடுகளைச் சொல்வேன். எண்பதுகளில் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்வந்த ஒருவராவது பெரும்பாலான குடும்பங்களில் இருப்பார், அவர் கொண்டுவந்த கேமரா எங்காவது பரணில் இருக்கும். அடுத்து, மூடப்பட்ட ஸ்டுடியோக்கள். கல்யாண வீடுகளில் உழைத்த கேமராக்கள் அங்கே கிடைக்கும். வெளியே பித்தளை தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தாலும், அவ்வப்போது பழுது பார்க்கப்பட்டு ஓடிக்கொண்டே இருந்தவை என்பதால், பெட்டி பிரிக்காமல் முப்பது ஆண்டு கிடந்த பளபளப்பான கேமராவைவிட அவை பெரும்பாலும் நன்றாக இயங்குகின்றன. ஓடாமல் கிடப்பதுதான் கேமராவுக்குக் கேடு: எண்ணெய் பசையாக இறுகும், ஃபோம் உருகும், பூஞ்சை பிடிக்கும். டெல்லி சாந்தினி சௌக்கின் கேமராச் சந்தையும் மும்பையின் சோர் பஜாரும் பேர்போனவை. ஆனால் புதியவர் பேரம் பேசிக் கற்றுக்கொள்ளும் இடங்கள் அவை அல்ல. இணையத்தில் வாங்கினால் "சோதிக்கப்படவில்லை" என்ற சொல்லை "ஓடவில்லை" என்றே படியுங்கள். பேட்டரி போடாமலே ஓடும் கேமராவைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும், அதை விற்பவர் செய்யவில்லை என்றால் செய்துவிட்டுச் சொல்லவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

இனி சோதனை. கேமரா என்பது லென்ஸும் ஷட்டரும். மற்றதெல்லாம் அந்த இரண்டையும் தாங்கி நிற்கும் கூடு. தோல் உரிந்திருக்கலாம், மூலை நசுங்கியிருக்கலாம், மீட்டர் செத்திருக்கலாம், இவற்றோடு படமெடுக்க முடியும். லென்ஸிலும் ஷட்டரிலும் குறை இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் முதற்கேமராவாக அதை வாங்காதீர்கள்.

ஷட்டரைச் சோதிக்க லென்ஸைக் கழற்றிவிட்டுப் பின்கதவைத் திறந்து, கேமராவை வெளிச்சமான வெள்ளைச் சுவருக்கு நேராகப் பிடித்து, பின்புறமிருந்து பாருங்கள். முதலில் 1 நொடி. உள்ளே சிறு பற்சக்கரங்கள் ஓடும் "ஸ்ஸ்ர்ர்" என்ற ஒலி தடையின்றி ஒரே சீராகக் கேட்க வேண்டும். நடுவில் தயங்கினாலோ, ஷட்டரின் திரை பாதியில் நின்று பிறகு மூடினாலோ, மெதுவான வேகங்களை நடத்தும் பற்சக்கரத் தொகுதியில் எண்ணெய் இறுகிவிட்டது என்று பொருள். இது கேமராவைக் கொல்லும் நோய் அன்று, ஆனால் விலையில் குறைக்க வேண்டிய நோய். பிறகு 1/1000. கண்சிமிட்டும் நேரத்தில் செவ்வகம் முழுவதும் ஒரே சீராக ஒளிர வேண்டும். ஒரு விளிம்பு மட்டும் இருட்டாகத் தெரிந்தால், ஷட்டரில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு திரைகளில் பின்னால் வருவது முன்னால் போவதைத் துரத்திப் பிடித்துவிடுகிறது. எடுக்கும் படங்களில் அந்தப் பக்கம் கறுத்துப்போகும். இந்தக் குறை உள்ள கேமராவைத் திரைகளின் இழுவிசையைச் சரிசெய்யத் தெரிந்தவர்தான் சீர்செய்ய முடியும்.

இன்று எல்லோர் கையிலும் இருக்கும் மொபைல் இதற்கு நல்ல கருவி. நொடிக்கு 240 சட்டங்கள் எடுக்கும் ஸ்லோமோஷனில் பின்புறமிருந்து ஷட்டரைப் படம்பிடித்து, சட்டம் சட்டமாக நகர்த்தி எண்ணுங்கள். 1/15 நொடிக்கு 16 சட்டங்களிலும், 1/30-க்கு 8 சட்டங்களிலும், 1/60-க்கு 4 சட்டங்களிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். 8-க்குப் பதில் 9 அல்லது 10 வந்தால் கவலைப்படாதீர்கள், நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கும். 16 வந்தால் அந்த வேகத்தில் ஒரு முழு ஸ்டாப் அதிக வெளிச்சம், அதாவது இரு மடங்கு, விழுகிறது. 1/125-க்கு மேல் இந்த முறை பயன்படாது.

கே1000 போன்றவற்றில் ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணியால் ஆனது. அறையை இருட்டாக்கி, லென்ஸ் இருக்கும் பக்கத்திலிருந்து, உள்ளே சாய்வாக நிற்கும் முகம்பார்க்கும் கண்ணாடியை விரலால் மெல்ல உயர்த்தி, டார்ச்சைத் திரைமேல் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். விண்மீன்போல் ஒரு புள்ளி தெரிந்தாலும் திரையில் ஓட்டை இருக்கிறது. இந்தக் கண்ணாடியின் மேற்பரப்பை மட்டும் எக்காரணத்தாலும் துடைக்காதீர்கள். வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்னால் இருக்கும், இதில் முன்னாலேயே இருக்கிறது. துணி பட்டால் பூச்சு போய்விடும். காற்று ஊதும் ரப்பர் குமிழ் ஒன்றே அதற்கு உரியது. வியூஃபைண்டரில் தெரியும் தூசியும் கரும்புள்ளிகளும் படத்தில் விழா, அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

லென்ஸுக்கும் டார்ச்தான். அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து சாய்வாக ஒளியடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுவதும் பனி மூடியதுபோல் மங்கலாக இருந்தால் ஆவியான எண்ணெய் படிந்திருக்கிறது. விளிம்பில் எண்ணெய் மிதக்கும் நீர்போல வண்ணம் காட்டினால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை பிரிந்துவிட்டது, அதைத் திருத்த முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியில் ஓரிரு கீறல்கள் படத்தைக் கெடுப்பதில்லை; பின்கண்ணாடியில் கீறல் கெடுக்கும். கடலோர ஊர்களிலிருந்து வரும் லென்ஸ்களில் பூஞ்சை இல்லாதது அரிது. ஓரத்தில் சிறிதளவு இருந்தால் வாங்கலாம். நாள்பட்ட பூஞ்சை சுரக்கும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்திருக்கும் என்பதால், துடைத்த பிறகும் அதன் தடம் நிற்கும். அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுமினுத்தால், அவை மூடுவதற்குள் ஷட்டர் அடித்து முடித்துவிடும், படம் வெளிறிப்போகும். கடைசியாக, தொலைவிலுள்ள கோபுரத்தையோ டவரையோ குவித்துப் பாருங்கள். லென்ஸ் முடிவிலிக் குறியில் நிற்கும்போது அது கூர்மையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த லென்ஸை யாரோ கழற்றி, தவறாகப் பூட்டியிருக்கிறார்கள்.

பேட்டரி அறையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சிறிதளவுக்குக் கவலை வேண்டாம்: காரம் கசிந்தது அது, வினிகரில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் கரைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போய்விடும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முதலில் கருவிகள். ஜப்பானியக் கேமராக்களின் சிறு திருகுகள் பார்வைக்கு நம் கடைகளில் விற்கும் சாதாரணக் கூட்டல்குறித் திருப்புளிக்கு ஏற்றவைபோல் இருக்கும். ஆனால் அவை ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவில் வெட்டப்பட்டவை. மற்ற திருப்புளி ஆழமாக உட்காராமல் வழுகித் திருகின் தலையைத் தேய்த்துவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒரு செட் வாங்காமல் எந்தக் கேமராவையும் திறக்காதீர்கள். கழற்றிய திருகுகளை வைக்க நான் பயன்படுத்துவது இட்லித் தட்டு. முதற்படியில் கழற்றியவை முதற்குழி, அடுத்தவை அடுத்த குழி என்று வரிசையாக வைத்து, ஒவ்வொரு படியிலும் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், பூட்டும்போது அதே வரிசையில் பின்னோக்கி வரலாம்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை பின்கதவின் ஃபோமை மாற்றுவது. அறுபதுகள் முதல் எண்பதுகள் வரை வந்த ஜப்பானியக் கேமராக்களில், கதவின் ஓரங்களில் வெளிச்சம் புகாமல் தடுக்கக் கறுப்பு ஃபோம் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். முப்பது நாற்பது ஆண்டுகளில் அவை சிதைந்து, தொட்டால் தார்போல் விரலில் ஒட்டும் பிசினாகிவிடும். வாங்கும் பழைய கேமராக்களில் பத்துக்கு எட்டு இந்த நிலையில்தான் என் கைக்கு வருகின்றன. இதற்குக் கேமராவைக் கழற்றவே வேண்டாம், கதவைத் திறந்தால் போதும்.

கதவைத் திறந்து, திறந்த பக்கம் கீழ்நோக்கியிருக்குமாறு கேமராவைப் பிடித்துக்கொள்ளுங்கள்; அப்போதுதான் உதிரும் துகள் ஷட்டர் திரைமேல் விழாமல் தரையில் விழும். பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தோய்த்துச் சற்றுப் பிழிந்து, கதவு உட்காரும் மேல் கீழ்ப் பள்ளங்களில் தடவி, இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். மூங்கில் பல்குச்சியின் முனையைச் சீவித் தட்டையாக்கி, பள்ளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்தால், பழைய ஃபோம் கறுப்பு நூலாகச் சுருண்டு வரும். ஊசியோ கத்தியோ வேண்டாம், வண்ணப்பூச்சு போய்விடும். வெள்ளைப் பஞ்சில் கறுப்பு ஏறாத வரைக்கும் துடையுங்கள். ஒரு கே1000-க்கு இருபது முப்பது குச்சிகளாவது செலவாகும். புதிய ஃபோம் ஒரு பக்கம் பசையோடு தாளாகக் கிடைக்கிறது. பள்ளத்தைவிடச் சற்றே குறைந்த அகலத்தில், இரும்பு அளவுகோல் வைத்துப் புதிய பிளேடால் ஒரே இழுப்பில் நறுக்க வேண்டும். பசைத்தாளை உரித்ததும் அது நினைத்த இடத்தில் உட்காராமல் தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பசைப் பக்கத்தில் விரலால் நீர் தடவிவிடுங்கள். ஈரம் இருக்கும்வரை ஒட்டாது, பல்குச்சியால் நகர்த்தி நேராக்கலாம், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். பள்ளம் மிகக் குறுகலாக இருந்தால் ஃபோமுக்குப் பதில் ஸ்வெட்டர் பின்னும் கறுப்புக் கம்பளி நூலை வைத்தாலும் நன்றாகவே வேலை செய்கிறது. கீல் இருக்கும் பக்கத்துக்கு மட்டும் அகலமான பட்டை தேவைப்படும். வேலை முடிந்து கதவு வழக்கத்தைவிட இறுக்கமாக மூடினால் ஃபோம் தடிமன் அதிகம். அப்படியே விட்டால் தாழ்ப்பாள் வளைந்துவிடும், எடுத்துவிட்டு மெல்லியதை ஒட்டுங்கள்.

முகம்பார்க்கும் கண்ணாடி மேலே மோதி நிற்கும் இடத்திலும் இதே ஃபோம் ஒரு துண்டு உண்டு. அதற்கு நேர்மேலே இருக்கும், வியூஃபைண்டருக்கான காட்சி விழும் குவிப்புத் திரை மென்மையான பிளாஸ்டிக். ஆல்கஹால் ஒரு துளி பட்டாலும் நிரந்தரக் கறையாகும். அதை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு, குச்சியை ஏறக்குறைய உலர்ந்த நிலையில் பயன்படுத்துங்கள். ஒலிம்பஸ் ஓஎம்-1 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: அதில் காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் முப்பட்டகத்தைச் சுற்றியும் ஃபோம் இருக்கிறது, அது சிதைந்து வெள்ளிப் பூச்சையே அரித்துவிடும். வியூஃபைண்டரில் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இவற்றோடு லென்ஸின் வெளிக்கண்ணாடிகளைத் துடைப்பது, உரிந்த தோலை ரப்பர் பசையால் ஒட்டுவது, பேட்டரி அறையைச் சுத்தம் செய்வது ஆகியவை முதல் ஆண்டுக்குப் போதும். உடனடியாக ஒட்டும் பசை வகைகளைக் கேமராவுக்கு அருகிலேயே கொண்டுவராதீர்கள். அவற்றின் ஆவி லென்ஸிலும் வியூஃபைண்டரிலும் வெண்படலமாகப் படியும். ஷட்டருக்குள் கைவைக்காதீர்கள் என்று சொல்வதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. தொடக்க காலத்தில், லென்ஸுக்குள் இதழ் ஷட்டர் கொண்ட ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சாளரம் வழியாகப் பார்க்கும்) கேமராவில் மெதுவான வேகங்கள் திக்கின. முன்வளையத்தைக் கழற்றி, பற்சக்கரங்கள்மேல் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். உடனே அருமையாக ஓடியது. அதை எடுத்துக்கொண்டு ஒரு குடும்பத் திருமணத்துக்குப் போய், ஒரு முழு ரோல் எடுத்தேன். அந்த வாரத்தில் எண்ணெய் பரவி இதழ்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. 36 படங்களில் 5 மட்டுமே வந்தன. அந்தத் திருமணத்தில் என் பாட்டி இருந்தார். வந்த ஐந்தில் அவர் இல்லை. ஷட்டர் இதழ்கள் உலர்ந்தே இயங்க வேண்டியவை. திக்கும் ஷட்டருக்குத் தேவை பழைய பசையைக் கரைத்து நீக்குவதே தவிர, அதன்மேல் புது எண்ணெய் விடுவது அன்று. அந்த வேலையைக் கற்கும்வரை, செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் கூலியில் பேரம் பேசாமல், அனுமதி கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஃபிளாஷ் உள்ளேயே பொருத்தப்பட்ட கேமராக்களை, உதாரணமாக நம் ஊரில் எங்கும் கிடைக்கும் யாஷிகா எம்எஃப்-2 போன்றவற்றை, பழகுவதற்காகக்கூடத் திறக்க வேண்டாம். ஃபிளாஷின் கெபாசிட்டர் 300 வோல்ட் அளவில் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது தாக்கும்.

ஒரு ரோல் எடுத்து, டெவலப் செய்து பார்க்காத கேமராவைச் சீர்செய்ததாக நான் கணக்கில் கொள்வதில்லை. சோதனை ரோலுக்குப் புது ஃபிலிமையே போடுங்கள். ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த "இந்து" ஃபிலிம் ரோல்கள் இன்னும் பழைய கடைகளில் தலைகாட்டுவதுண்டு. நம் மண்ணில் உருவான ஃபிலிம் என்ற பாசம் எனக்கும் உண்டு, இரண்டு டப்பாக்களைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். ஆனால் காலாவதியான ஃபிலிமில் மூட்டம் விழும். கெட்டது ஃபிலிமா கேமராவா என்று தெரியாமல் போகும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் போன்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் இதற்குப் பொருத்தம். ஒவ்வொரு படத்துக்கும் வேகத்தையும் அப்பெர்ச்சரையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே வெள்ளைச் சுவரை எல்லா வேகங்களிலும், வெளிச்சம் சமமாக விழும்படி அப்பெர்ச்சரை மாற்றி மாற்றி எடுங்கள். சாய்வாக வைத்த அளவுகோலில் ஓர் எண்ணைக் குவித்து ஒரு படம், தொலைதூரக் காட்சி ஒரு படம். ரோலின் நடுவில் கேமராவைப் பத்து நிமிடம் வெயிலில் திருப்பித் திருப்பி வையுங்கள். கடையில் டெவலப் செய்யக் கொடுக்கும்போது ஸ்கேன் மட்டும் போதும் என்று சொல்லாமல், நெகட்டிவைக் கட்டாயம் திரும்பக் கேளுங்கள்; நோய் தெரிவது அதில்தான்.

நெகட்டிவில் கறுப்புக் கீற்று படத்தின் எல்லையைத் தாண்டி, ஓரத்துப் பல்துளைகள் வரை நீண்டிருந்தால் வெளிச்சம் பின்கதவு வழியாகப் புகுந்திருக்கிறது, ஃபோமை மறுபடி பாருங்கள். கீற்று படச் செவ்வகத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் கதவின் குற்றம் இல்லை. திரையில் ஓட்டையோ, லென்ஸ் பக்கத்துக் கசிவோ காரணம். பல படங்களில் ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால் திரை ஓட்டை உறுதி. சுவர்ப் படங்களில் ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் அடர்த்தி மாறியிருந்தால் அந்த வேகத்தைக் குறித்துவைத்துத் தவிர்த்துவிடலாம், அதற்காக ஷட்டரைத் திறக்க வேண்டியதில்லை. படங்களுக்கு இடையே உள்ள இடைவெளி ஒழுங்கற்று இருந்தாலோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலோ, ஃபிலிமை நகர்த்தும் பகுதியில் கோளாறு. அதை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இனி மாமாவின் எலக்ட்ரோ. அது நல்ல கேமரா, 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் இன்றும் வியக்க வைப்பது. அதன் பேர்போன பலவீனம், உள்ளே ஷட்டர் இயக்கத்தைத் தாங்கும் ஒரு சிறு ரப்பர் துண்டு. ஃபிலிம் நகர்த்தும் லிவரை மெதுவாக இழுத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். "டொக்" என்று ஒரு தனி ஒலி கேட்டால் அந்த ரப்பர் இன்னும் இருக்கிறது. கேட்கவில்லை என்றால் சிதைந்துவிட்டது, பேட்டரி போட்டாலும் வேகங்கள் சரியாக வாரா. மாற்றுவதற்கு உள்ளே போக வேண்டும், அது உங்கள் இரண்டாம் ஆண்டு வேலை. அதற்குரிய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது இல்லை. 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரியை, அதற்கென விற்கும் உறையில் வைத்துப் போடலாம். பின்பக்கத்துப் பொத்தானை அழுத்தி விளக்கு எரிந்தால் இணைப்புகள் பிழைத்திருக்கின்றன.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உள்ளே ஃபிலிம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் குமிழை மெல்லத் திருப்பினால் இறுக்கம் தெரிந்தால், பின்கதவைத் திறக்காதீர்கள். அடிப்பக்கத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டு, இறுக்கம் விட்டுப்போகும்வரை ஃபிலிமைச் சுற்றிவிட்டு, பிறகு திறங்கள். மாமா கடைசியாக எடுத்த படங்கள் அதில் இருக்கக்கூடும். பழைய ஃபிலிம் என்று சொல்லி, கறுப்பு வெள்ளை டெவலப் செய்யும் ஒருவரிடம் கொடுங்கள். அடுத்து, பழைய பேட்டரி இருந்தால் எடுத்துவிடுங்கள். தோலுறையைக் கழற்றித் தனியாக வையுங்கள், ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சை வளர்ப்பது அதுதான். மூடி இறுக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் டப்பாவில் நூறு கிராம் நீல நிறச் சிலிக்கா ஜெல்லோடு கேமராவை வைத்து, ஜெல் இளஞ்சிவப்பாக மாறும்போது வாணலியில் மிதமான சூட்டில் நீலம் திரும்பும்வரை வறுத்து, ஆறியபின் மறுபடி உள்ளே போடுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து, லிவரை இழுத்துப் பத்துத் தடவை அடித்துவிட்டு, அப்பெர்ச்சர் வளையத்தையும் குவிப்பு வளையத்தையும் முழுக்கச் சுழற்றி, திரும்ப வையுங்கள்.